ஜெர்மானியம் என்னும் சொந்தச் செலவு சூனியம்

போன மே மாசம், ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நாலு மணி. பெசன்ட் நகர்ல ஒரு நண்பன் வீட்டு மொட்டை மாடி. வெதர் கோட்டிங் அடிச்ச தரை இன்னும் கால் வைக்க முடியாத சூட்டுல இருக்கு. ஒரு கிடார், ஒரு பேஸ், ஒரு கஹோன், ஒரு சின்ன ஆம்ப். நண்பன் அவனே கையால அசெம்பிள் பண்ணின ஃபஸ் பெடலை பெருமையா கீழ வைக்கிறான். சிவப்புக் கலர் அலுமினிய டப்பா. வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்ச கிட். உள்ள "அசல் 1966 ஜெர்மானியம்".

மொதப் பாட்டு ஓகே. ரெண்டாவது பாட்டுல சத்தம் தும்ம ஆரம்பிச்சுது. மூணாவது பாட்டுல கம்பியை எவ்ளோ அழுத்தி அடிச்சாலும் "புர்ர்ர்"னு ஒரு வாயு பிரிஞ்சா மாதிரி சத்தம், அப்புறம் மௌனம். பயல் மூஞ்சி செத்துப் போச்சு. கீழ போய் பெடலை ஃப்ரிட்ஜ்ல தோசை மாவு பக்கத்துல பத்து நிமிஷம் வெச்சு எடுத்துட்டு வந்தோம். வேலை செஞ்சுது. கால் மணி நேரத்துல திரும்பவும் "புர்ர்ர்".

எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். ஆனா அடுத்த வாரம் அவன் சொன்னதைக் கேட்டப்போ சிரிப்பு வரலை. "விட்றா மச்சி, எனக்கு சால்டரிங்லாம் வராது. கை ராசி இல்லை"ன்னான். சால்டரிங் அயர்ன், ஈயம், பேஸ்ட், மல்டிமீட்டர் எல்லாத்தையும் ஒரு ஷூ டப்பால போட்டு பரண் மேல ஏத்திட்டான்.

இந்தப் பதிவு அந்த ஷூ டப்பாவுக்காக.

என் கட்சியை மொதல்லயே சொல்லிடறேன். முதல் முறையா பெடல் கட்டுற எவனுக்கும் ஜெர்மானியம் கிட்டை சிபாரிசு பண்றது தப்பு. சென்னையில இருக்கிறவனுக்குப் பண்றது டபுள் தப்பு. "விண்டேஜ்னா அதுதான் பாஸ், சிலிக்கான்லாம் சும்மா"ன்னு பில்டப் குடுக்குறவங்க, தெரிஞ்சோ தெரியாமலோ, ஒரு புதுப் பையனோட காசையும் கெடுக்குறாங்க, அவனுக்கு தன் கை மேல இருந்த நம்பிக்கையையும் கெடுக்குறாங்க. காசு போனா பார்ட் டைம் வேலை பார்த்து சம்பாதிச்சுக்கலாம். அந்த ரெண்டாவது சமாச்சாரம் திரும்ப வர்றது கஷ்டம்.

*

ஃபஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஆடி மாசம் தெருமுனை அம்மன் கோவில்ல கூழ் ஊத்தும்போது, குழாய் ஸ்பீக்கர்ல ஃபுல் வால்யூம் வெச்சு பாட்டு போடுவாங்களே, குரல் கிழிஞ்சு போய் வருமே, அதோட நல்ல ஜாதி தம்பிதான் ஃபஸ். சிக்னலை அது தாங்குற அளவுக்கு மேல பெருக்கினா, அலையோட மேடும் பள்ளமும் வெட்டுப்பட்டு மொட்டையாயிடும். அந்த வெட்டுலேர்ந்து புதுசா நிறைய மேல்ஸ்வரங்கள் முளைக்கும். காதுக்கு அது கரகரன்னு, தேனீக்கூட்டம் மாதிரி கேட்கும்.

இது பொறந்த கதையைக் கேளுங்க. அமெரிக்காவுல நாஷ்வில் ஸ்டூடியோவுல மார்ட்டி ராபின்ஸ்ங்கறவரோட பாட்டு ரெக்கார்டிங். கிரேடி மார்ட்டின் வாசிச்ச பேஸ் கிடார் தனி, மிக்ஸிங் கன்சோல்ல ஒரு சேனல் பழுதானதால கொடகொடன்னு பதிவாச்சு. அதை அப்படியே வெச்சு 1961-ல பாட்டை வெளியிட்டாங்க, ஹிட் ஆச்சு. அந்த எஞ்சினியர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை டிரான்சிஸ்டர் வெச்சு வேணும்னே வர வைக்கிற ஒரு சர்க்யூட் போட்டார். 1962-ல கிப்ஸன் கம்பெனி அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்னு வித்துச்சு. ஆரம்பத்துல சரியா போணியாகலை. 1965-ல ரோலிங் ஸ்டோன்ஸ் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' வந்ததும் கடைக்குக் கடை ஸ்டாக் காலி. 1966-ல லண்டன்ல ஐவர் ஆர்பிட்டர் வட்டமான டப்பாவுல ஃபஸ் ஃபேஸ் கொண்டு வந்தார். மைக் ஸ்டாண்டோட அடித்தட்டைப் பார்த்துத்தான் அந்த வட்ட டப்பா ஐடியா வந்துச்சாம். அதை ஹெண்ட்ரிக்ஸ் மிதிச்சார். மீதி உங்களுக்கே தெரியும்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ஃபஸ்ங்கறதே ஒரு பழுதுதான். அதை வித்தவங்க அன்னிக்கு சந்தையில சுலபமா கிடைச்ச சரக்கை வெச்சுத்தான் வித்தாங்க. அறுபதுகளோட நடுவுல ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் சல்லிசா கிடைச்சது, போட்டாங்க. சிலிக்கான் விலை இறங்கினதும் ஃபஸ் ஃபேஸ்லயே பிசி183, பிசி108, பிசி109-ன்னு சிலிக்கானுக்கு மாறிட்டாங்க. "ஜெர்மானியத்தோட ஆன்மா"ன்னு அவங்க யாரும் ஜல்லியடிக்கலை. பக்தி எல்லாம் பின்னாடி வந்த நம்மாளுங்க கண்டுபிடிச்சது.

*

இனி மெயின் மேட்டர். ஃபஸ் ஃபேஸ் சர்க்யூட்ல மொத்தமே 11 பாகம்தான். ரெண்டு டிரான்சிஸ்டர். நாலு ரெசிஸ்டர்: 33 கிலோ ஓம், 8.2 கிலோ ஓம், 100 கிலோ ஓம், 470 ஓம். மூணு கண்டன்சர்: 2.2 மைக்ரோ, 22 மைக்ரோ, 0.01 மைக்ரோ ஃபாரட். ரெண்டு பாட்: ஃபஸ்ஸுக்கு 1 கிலோ ஓம், வால்யூமுக்கு 500 கிலோ ஓம். அவ்ளோதான். மத்ததெல்லாம் டப்பா, ஜாக், ஸ்விட்ச், ஒயர்.

இந்தப் பதினொண்ணுல மொதல் டிரான்சிஸ்டருக்கு கரண்ட் வர்ற வழி அந்த 33 கிலோ ஓம் ரெசிஸ்டர். 9 வோல்ட் பேட்டரி, 33 கிலோ ஓம். பத்தாவது ஃபிசிக்ஸ் போதும், வகுத்துப் பாருங்க. கிட்டத்தட்ட கால் மில்லி ஆம்பியர், அதாவது 250 மைக்ரோ ஆம்பியர். அந்த டிரான்சிஸ்டர் எவ்ளோ முயற்சி பண்ணாலும் அதுக்கு மேல இழுக்க முடியாது.

ஜெர்மானியத்துக்கு ஒரு பொறவிக் குணம் உண்டு. ஆஃப்ல இருக்கும்போதும் கசியும், சரியா மூடாத கார்ப்பரேஷன் குழாய் மாதிரி. 25 டிகிரியில 100 மைக்ரோ ஆம்பியர் கசிஞ்சா அதை "நல்ல பீஸ்"ன்னு தனியா எடுத்து வெச்சு விப்பாங்க. சூடு ஏற ஏற இந்தக் கசிவு ஏறும். சுமாரா ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ரெட்டிப்பாகும். அப்போ 35 டிகிரியில 200. வெயில்ல கிடக்குற மூடின உலோக டப்பாவுக்குள்ள 45 டிகிரி வந்தா 400. டிரான்சிஸ்டரால இழுக்க முடிஞ்சதே 250-தான். அதாவது கிடார் சிக்னல் உள்ள வர்றதுக்கு முன்னாடியே கசிவு மொத்த இடத்தையும் பிடிச்சு உக்காந்துடுச்சு. மொதல் டிரான்சிஸ்டர் முழுசா திறந்துக்கும், ரெண்டாவது முழுசா மூடிக்கும். "புர்ர்ர்", அப்புறம் மௌனம்.

நண்பன் வீட்டு மாடியில நடந்தது இதுதான். அவன் சால்டரிங் தப்பில்லை. கை ராசியும் தப்பில்லை. லண்டன் குளிருக்கு தோதா இருந்த சாமானை மே மாச மெட்ராஸ் மொட்டை மாடியில வெச்சது தப்பு. டிசம்பர்ல அது நல்லாத்தான் வாசிச்சுது. மார்கழிக் கச்சேரிக்கு மட்டும் வர்ற வித்வான் மாதிரி ஒரு பெடல் நமக்கு எதுக்குங்க?

சிலிக்கான்ல இந்தக் கசிவு கணக்குல எடுத்துக்கவே தேவையில்லாத அளவு கம்மி. கத்திரி வெயில்லயும் அது பாட்டுக்கு வேலை செய்யும்.

*

சூடு மட்டும்தான் பிரச்சனைன்னா, "ஏசி ரூம்ல வாசிச்சுக்கறேன்"னு யாராவது கிளம்புவீங்க. அதனால மத்த கண்ணிவெடிகளையும் சொல்லிடறேன்.

ஒண்ணு: பழைய ஜெர்மானியம் ஃபஸ் பெரும்பாலும் பிஎன்பி டிரான்சிஸ்டர். பாசிட்டிவ் பக்கம்தான் கிரவுண்டு. உங்ககிட்ட இருக்கிற மத்த பெடல் எல்லாம் கிட்டத்தட்ட நிச்சயமா நெகட்டிவ் கிரவுண்டு. ரெண்டையும் ஒரே அடாப்டர்லேர்ந்து கிளை பிரிச்சுக் குடுத்தா ஷார்ட்டு. இது புதுசா கட்டுறவனுக்குத் தெரியாது. பெடல் வேலை செய்யலைன்னதும் அவன் மறுபடி தன் சால்டரிங்கைத்தான் சந்தேகப்படுவான்.

ரெண்டு: ஜெர்மானியம் டிரான்சிஸ்டரை அளக்கறதே ஒரு கலை. சாதாரண மல்டிமீட்டர்ல இருக்கிற டிரான்சிஸ்டர் சாக்கெட்டுல சொருகினா 150-ன்னு காட்டும். அதுல பாதி நிஜமான பெருக்கம், மீதி கசிவா இருக்கலாம். மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. மொதல் டிரான்சிஸ்டர் எழுபது எண்பது, ரெண்டாவது நூத்துச் சொச்சம்னு பார்த்து ஜோடி சேர்த்தாத்தான் ஃபஸ் ஃபேஸ் ஒழுங்கா பாடும். நாப்பது பீஸ் வாங்கி, ஒவ்வொண்ணா அளந்து, பொருத்தம் பார்த்து... ஜாதகக்கட்டு மாதிரி. மொதல் தடவை கட்டுறவனுக்கு இந்தத் தரகு வேலை தேவையா?

மூணு: டூப்ளிகேட். என்கேடி275, ஏசி128-ன்னு பேர் இருக்கிற சரக்குக்கு பக்தர் கூட்டம் இருக்குன்னு தெரிஞ்சதும் எதையோ எடுத்து பழைய நம்பரை அழிச்சுட்டு புது நம்பர் அடிச்சு விக்கிற தொழில் உலகம் பூரா நடக்குது. அனுபவசாலியே ஏமாறுற சந்தை இது. இதுல முதல் பெடல் கட்டுற புள்ளையை இறக்கி விடறீங்களே, நியாயமா?

நாலு: "அசல் காலத்து" கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர். இது மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரை விட அதிகமா இரையும், ஈரத்தைக் குடிச்சு மதிப்பும் மாறும். கடல் காத்து அடிக்கிற ஊர்ல இதுக்கு எக்ஸ்ட்ரா காசு. அப்புறம் "ட்ராபிக்கல் ஃபிஷ்" கண்டன்சர். பேர்ல ட்ராபிக்கல் இருக்கேன்னு நம்ம ஊர் வெயிலுக்கு நல்லதுன்னு நினைச்சுடாதீங்க. கலர் கலரா கோடு போட்டு மீன் தொட்டி மீன் மாதிரி இருக்கறதால வந்த பேர். மூடின டப்பாவுக்குள்ள மீன் யாருக்குத் தெரியப் போகுது?

*

நான் படிக்கிறது பி.காம். சர்க்யூட்ல நான் கத்துக்குட்டிதான், ஆனா காஸ்ட் ஷீட் போட வரும். நான் கட்டின சிலிக்கான் ஃபஸ்ஸோட கணக்கு இது. ரிச்சி தெரு விலை, கடைக்குக் கடை அஞ்சு பத்து மாறும்.

டிரான்சிஸ்டர் 2 (பிசி109, உலோகத் தொப்பி): 60
ரெசிஸ்டர் 4: 4
கண்டன்சர் 3: 15
பாட் 2: 60
ஜாக் 2: 80
கால் ஸ்விட்ச்: 180
அலுமினிய டப்பா: 350
டாட் போர்டு: 30
பேட்டரி கிளிப்: 10
ஒயர்: 30
மொத்தம்: 819 ரூபாய்

சத்தம் போடுற 11 பாகத்துக்கு ஆன செலவு 139 ரூபாய். நூத்துக்கு 17. மீதி 83 டப்பா, ஜாக், ஸ்விட்ச் வகையறாவுக்கு. சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர் இந்தக் கணக்குல வராது, அது மூலதனச் செலவு, அடுத்த பத்து பெடலுக்கும் அதுதான்.

இப்போ அந்த வெளிநாட்டு கிட்டை எடுத்துக்குங்க. டப்பா, ஜாக், ஸ்விட்ச் எல்லாம் இங்க கிடைக்கிற அதே ரகம்தான். விலை வித்தியாசம் எங்க உக்காந்திருக்கு? ரெண்டு ஜெர்மானியத்துல, கலர் மீன் கண்டன்சர்ல, கப்பல் கூலியில, சுங்க வரியில, கூரியர்காரர் தனியா போடுற கையாளும் கட்டணத்துல, அப்புறம் "விண்டேஜ்"ங்கற ஒத்தை வார்த்தையில. அக்கவுண்ட்ஸ் பாஷையில சொன்னா, அந்த வார்த்தைக்குப் பேரு குட்வில். கண்ணால பார்க்க முடியாத சொத்து. அந்தக் குட்வில் விக்கிறவன் புத்தகத்துல இருக்கு. நம்ம புத்தகத்துல அது நஷ்டம்.

இதைவிடப் பெரிய கணக்கு ஒண்ணு இருக்கு. நாலு ரூபாய் டிரான்சிஸ்டர்னா தைரியமா கழட்டிப் பார்ப்போம், மாத்திப் போடுவோம், சுட்டுத் தீய்ச்சு அழுதுட்டு இன்னொண்ணு வாங்குவோம். ஆயிரக்கணக்குல குடுத்து வாங்கின "தேர்ந்தெடுத்த ஜோடி"ன்னா தொடவே பயமா இருக்கும். அயர்னை ரெண்டு செகண்டு கூட வெச்சா செத்துடுமோன்னு கை நடுங்கும். (ஜெர்மானியம் சூட்டுக்கு சீக்கிரம் சாகும்ங்கறதும் நிஜம்தான்.) பயந்துகிட்டே கட்டினா என்னத்தைக் கத்துக்க முடியும்? தப்பு பண்ண முடியாத இடத்துல பாடம் கிடையாது.

*

எதிர்த்தரப்பு வாதங்களுக்கு வருவோம்.

"சிலிக்கான் காதைக் கிழிக்கும். ஜெர்மானியம்தான் இதமா இருக்கும்." பாதி உண்மை. சிலிக்கான் பளிச்சுன்னு, கூர்மையா இருக்கும்தான். பிசி109-ல அதிக பெருக்கம் உள்ள ரகத்தைப் போட்டா சில சமயம் கிடாரை விட்டுட்டு எங்கயோ ஓடுற ரேடியோவைப் பிடிச்சுப் பாடும். ஆனா வைத்தியம் சுலபம். பெருக்கம் கம்மியான பீஸ் போடுங்க. டிரான்சிஸ்டரோட பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவுல 100 பிக்கோ ஃபாரட் மாதிரி ஒரு குட்டி கண்டன்சர் வைங்க. ரேடியோ போயிடும், கூர்மையும் மழுங்கும். செலவு ஒரு ரூபா.

"பெரிய ஆளுங்கல்லாம் ஜெர்மானியம்தான்." ஹெண்ட்ரிக்ஸே பின்னாடி சிலிக்கான் ஃபஸ் ஃபேஸுக்குப் போனவர்தான். பிங்க் ஃபிளாய்டோட கில்மர் பிசி108 போட்ட ஃபஸ் ஃபேஸ் வெச்சிருந்தார். 1969-ல நியூயார்க்ல எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கொண்டு வந்த பிக் மஃப் நாலும் சிலிக்கான். இவங்க யாருக்கும் ஆன்மா கம்மின்னு சொல்ற தைரியம் இருக்கா?

"கிடாரோட வால்யூமைக் குறைச்சா ஜெர்மானியம் அழகா கிளீன் ஆகும்." ஆகும், ஒத்துக்கறேன். இந்த ஒரு விஷயத்துல அதுதான் ஒரு படி மேல. ஆனா அந்தக் குணத்துல பெரிய பங்கு சர்க்யூட்டோட உள்வாங்கும் மின்தடை ரொம்பக் கம்மியா இருக்கறதாலதான் வருது. கிடாரை நேரா ஃபஸ்ல சொருகினா சிலிக்கான்லயும் நல்லாவே கிளீன் ஆகும். நடுவுல பஃபர் உள்ள வேற பெடல் வெச்சா எந்த ஃபஸ்ஸும் பாழ்தான். நிறைய பேர் டிரான்சிஸ்டரைத் திட்டறதுக்குக் காரணம் பெடல் வரிசை.

"அப்போ கிட்டே வேணாம்ங்கறியா?" இல்லை. எல்லார் ஊர்லயும் ரிச்சி தெரு கிடையாது. ஓட்டை போட்ட டப்பா, சரியான ஸ்க்ரூ, படம் போட்ட வழிகாட்டி, எல்லாம் ஒரே கவர்ல வர்றது பெரிய வசதி. உலோக டப்பாவுல நேரா ஓட்டை போடறது எவ்ளோ கொடுமைன்னு பண்ணிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். (எங்க வீட்டு டிரில் பிட் ரெண்டு காலி. அப்பாகிட்ட வாங்கின திட்டு காஸ்ட் ஷீட்ல சேர்க்கலை.) கிட் வாங்குங்க. ஆனா இதையெல்லாம் பார்த்து வாங்குங்க:

1. சிலிக்கான், என்பிஎன், நெகட்டிவ் கிரவுண்டா இருக்கணும். மத்த பெடல் கூட ஒரே அடாப்டர்ல ஓடணும்.

2. முழு சர்க்யூட் படமும் பாகங்களோட மதிப்பும் வெளிப்படையா குடுத்திருக்கணும். "இந்த ஓட்டையில இதைச் சொருகு"ன்னு மட்டும் இருந்தா அது கலரிங் புக். முடிச்சா பெடல் இருக்கும், உங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

3. டிரான்சிஸ்டருக்கு சாக்கெட் இருக்கணும். மாத்தி மாத்திக் கேட்டுப் பார்க்கறதுலதான் பாதி சந்தோஷம்.

4. 8.2 கிலோ ஓம் இருக்கிற இடத்துல திருகுற ட்ரிம்பாட் இருக்கணும். ரெண்டாவது டிரான்சிஸ்டரோட கலெக்டர்ல மீட்டரை வெச்சு, பேட்டரியில பாதி, அதாவது 4.5 வோல்ட் பக்கத்துல கொண்டு வரணும். இந்த ஒரு அளவு தெரிஞ்சா ஃபஸ் ஃபேஸ்ல முக்கால்வாசி வைத்தியம் தெரிஞ்ச மாதிரி.

5. எந்தப் பாகம் போனாலும் உங்க ஊர்ல, இல்லைன்னா பக்கத்து ஊர்ல, மாத்து கிடைக்கணும். கிடைக்காதுன்னா அது உங்க பெடல் இல்லை, வித்தவனோடது.

6. "மோஜோ", "மேஜிக்"னு விளம்பரம் இருந்தா பக்கத்தை மூடிட்டு டீ குடிக்கப் போயிடுங்க.

*

அடையாறுல இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. கஸ்தூர்பா நகர்ல பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டைல இறங்கினா ரிச்சி தெரு நடக்கிற தூரம். மொத தடவை போறப்போ ஒண்ணும் புரியாது. சிசிடிவி கேமராவும் லேப்டாப் சார்ஜரும்தான் கண்ணுல படும். உள்ள நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு பக்கம் நுழைஞ்சு, சுவர் பூரா குட்டிக் குட்டி டிராயரா இருக்கிற கடையாப் பாருங்க. பாகத்தோட மதிப்பை பேப்பர்ல எழுதிட்டுப் போங்க. கூட்ட நேரத்துல உங்க கதையைக் கேக்க யாருக்கும் நேரம் இருக்காது, ஆனா சீட்டை நீட்டினா ரெண்டு நிமிஷத்துல கவர்ல போட்டுக் குடுத்துடுவாங்க. பிசி108, 109 எல்லாம் ஏதோ லண்டன் புதையல் இல்லைங்க. 1964-லேர்ந்து டெல்லியில இயங்குற காண்டினென்டல் டிவைஸ் இந்தியா கம்பெனி போட்ட பிசி108-ஐ வெளிநாட்டுக்காரன் தேடி வாங்கி ஃபஸ் கட்டறான். நாம அங்கேர்ந்து கிட் வாங்கறோம். அவ்வ்வ்வ்.

என் முதல் பெடலும் மொதல்ல பாடலை, உண்மையைச் சொல்லிடறேன். பிசி547-க்குப் போட்ட படத்தைப் பார்த்து பிசி109-ஐச் சொருகிட்டேன். ரெண்டுக்கும் கால் வரிசை தலைகீழ். ரெண்டு நாள் முழிச்சேன். மூணாவது நாள் டேட்டா ஷீட்டைப் பார்த்து, தொப்பியில நீட்டிக்கிட்டிருக்கிற குட்டி மூக்கு எமிட்டர் பக்கம்னு கண்டுபிடிச்சு, திருப்பிப் போட்டதும் ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க... அம்மா சமையல்கட்டுலேர்ந்து ஓடி வந்தாங்க, மிக்ஸி எரிஞ்சுடுச்சோன்னு. அந்த ஒரு நொடிக்கு 819 ரூபாய் ரொம்பக் கம்மி.

ஜெர்மானியமே வேணாம்னு நான் சொல்லலை. ரெண்டாவது இல்லைன்னா மூணாவது பெடல் கட்டுறப்போ தாராளமா இறங்குங்க. அப்போ கசிவுன்னா என்ன, எப்படி அளக்கணும், எந்த சீசன்ல எங்க திருகணும்னு தெரிஞ்சிருக்கும். அதுக்கும் கப்பல்ல வரவழைக்க வேணாம். பெங்களூர் பெல் கம்பெனி 1962-லயே ஜெர்மானியம் சரக்கு தயாரிக்க ஆரம்பிச்சுது. பக்தர்கள் தேடுற ஏசி128 அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் ரேடியோவுல ஸ்பீக்கரை ஓட்டின கூலிக்காரன். தாத்தாவோட செத்துப்போன ரேடியோவை காயலாங்கடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து பாருங்க. (தாத்தாகிட்ட கேட்டுட்டு!)

1970, 71-ல சிம்லா பீட் போட்டியிலேர்ந்து வந்த இசைத்தட்டுகளைக் கேட்டுப் பாருங்க. இந்தியா முழுக்க காலேஜ் பசங்க, ஃபஸ்ஸைப் போட்டுக் கிழிச்சிருப்பாங்க. வெளிநாட்டுச் சாமான் இறக்குமதி குதிரைக் கொம்பா இருந்த காலம் அது. லண்டன்லயும் நாஷ்வில்லயும் அன்னிக்கு நடந்தது ஒண்ணுதான்: பக்கத்துல கிடைச்ச மலிவான சாமானை எடுத்து, புதுசா ஒரு சத்தம் பண்ணினாங்க. அறுபது வருஷம் கழிச்சு அவங்க போட்ட பாகத்தை தங்க விலை குடுத்துத் தேடறது விண்டேஜ் இல்லை, திவசம். ரிச்சி தெருவுக்குப் போய் இன்னிக்கு மலிவா என்ன கிடைக்குதோ அதுல கட்டறதுதான் நிஜமான விண்டேஜ் முறை.

*

கடைசியா அந்த ஷூ டப்பா. போன மாசம் நண்பனைக் கெஞ்சி பரணிலேர்ந்து இறக்க வெச்சேன். மத்தியானம் ரெண்டு மணி, ஃபேன் மட்டும் ஓடுற ரூம். பெடலைத் திறந்து ரெண்டாவது டிரான்சிஸ்டர் கலெக்டர்ல மீட்டர் வெச்சோம். 4.5 இருக்க வேண்டிய இடத்துல 8-க்கு மேல. ட்ரிம்பாட்டை என்ன திருகியும் மசியலை. "பாத்தியா, உன் கை இல்லடா, இதுதான்"னேன். நம்பலை. ஜெர்மானியம் ரெண்டையும் எடுத்துட்டு, அதுவும் பிஎன்பிங்கறதால, பிசி557 ரெண்டு போட்டோம். ஜோடி எட்டு ரூபாய். இப்போ ட்ரிம்பாட் கேட்டபடி கேட்டுச்சு. 4.5.

ஆம்ப்ல சொருகி ஒரு கார்டு அடிச்சான். பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பிச்சுது. பயல் மூஞ்சியில மே மாசம் போன வெளிச்சம் திரும்ப வந்துச்சு.

மத்த எல்லா சால்டரிங்கும் அவன் ஆறு மாசம் முன்னாடி போட்டதுதான். ஒண்ணைக்கூட நாங்க தொடலை. அத்தனையும் பளபளன்னு, என்னோடதை விட சுத்தமா இருந்துச்சு.

பி.கு: அந்த ரெண்டு ஜெர்மானியத்தையும் ஒரு மாத்திரை டப்பாவுல போட்டு வெச்சிருக்கான். மார்கழிக்கு வெளிய எடுப்பானாம் :-)